42-ஆம் நாள் கருவியை அணைத்தார்கள்: முடக்குவாதமும் வேகஸ் நரம்பும், ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், போஸ்னியாவின் சரயேவோ, மோஸ்டார், குரோஷியாவின் ஸாக்ரெப். 2010-களின் தொடக்கத்தில் இந்த நான்கு ஊர்களிலும் முடக்குவாத நோயாளிகள் சிலருடைய கழுத்தில், மூளையிலிருந்து இதயம், வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பில் ஒரு மின்கருவியைப் பொருத்தினார்கள். வலி மூட்டில், வைத்தியம் கழுத்தில். மொத்தம் 17 பேர். முடிவுகள் 2016 ஜூலையில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. நரம்பு முனையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் நோயெதிர்ப்பு செல்லின் போக்கை மாற்றும் என்பது அதுவரை பெரும்பாலும் எலிகளிடம் கண்ட உண்மை. அதை நோயாளிகளின் உடலில் வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. அதனால்தான் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் அத்தைக்கு முடக்குவாதம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. தேங்காய் துருவ முடியாது. ரவிக்கைக் கொக்கி மாட்ட யாரையாவது கூப்பிட வேண்டும். இந்த ஆய்வைப் படித்தபோது அந்த 17 பேரையும் அத்தையின் கைகளை வைத்துத்தான் நான் கற்பனை செய்துகொண்டேன்.

நோயாளிகளின் நிலை

முடக்குவாதம் தேய்மானத்தால் வரும் மூட்டுவலி அல்ல. உடலின் பாதுகாப்புப் படையே சொந்த மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது. அந்தத் தாக்குதலில் சைட்டோகைன் என்னும் தூதுப் புரதங்கள் பலவற்றுக்குப் பங்கு உண்டு என்றாலும் முன்வரிசையில் நிற்பது டி.என்.எஃப். இதைப் பெரும்பாலும் சுரப்பவை மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள். கிருமியை விழுங்குவது, அபாயச் சங்கு ஊதுவது இரண்டும் அவற்றின் வேலை. சங்கு ஓயாமல் ஊதினால் சவ்வு வீங்கும், குருத்தெலும்பு அரிக்கும், விரல்கள் கோணும். 1990-களின் இறுதியில் டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள் வந்தது பெரிய மாற்றம்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவை பலன் தருவதில்லை. தொற்று வரும் அபாயமும் கூடவே இருக்கிறது. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் அந்த ஊசியைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் ஏன் அத்தனை சோதனைகள் எழுதித் தருகிறார்கள் என்பது ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

ஆய்வில் சேர்ந்தவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். 7 பேருக்கு, முடக்குவாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போதவில்லை. ஆனால் பயாலஜிக் ஊசிகள் தோற்றுப்போன வரலாறு இல்லை. மற்ற 10 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஊசிகளைப் போட்டுப் பார்த்தும் அடங்காதவர்கள். இரண்டாவது குழுவைச் சேர்த்தது துணிச்சலான முடிவு. எந்தப் புதிய சிகிச்சையும் அவர்களிடம்தான் தோற்க வாய்ப்பு அதிகம். எளிதாக மசியக்கூடிய நோயாளிகளை மட்டும் எடுத்திருந்தால் எண்கள் அழகாக வந்திருக்கும். ஆனால் வேறு வழியே இல்லாமல் தவிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிந்திருக்காது.

கழுத்து நரம்பைத் தேர்ந்தெடுத்தது ஏன்

இதற்கான பதில் நூறாண்டுக்கு மேல் பழைய கதை. இங்கே கொஞ்சம் நிதானமாகவே செல்கிறேன்.

1921-இல் மருந்தியலாளர் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். நரம்பைத் தொடாமலே அதன் துடிப்பும் மெதுவானது. நரம்பு பேசுவது வேதிப்பொருள் மூலம் என்பது அப்படித்தான் நிரூபணமானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1929-இல் ஹென்றி டேலும் ஹரோல்ட் டட்லியும் விலங்கு உடலில் அது இயற்கையாகவே இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எந்த உறுப்பிலிருந்து? மாடு, குதிரை ஆகியவற்றின் மண்ணீரலிலிருந்து.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. மண்ணீரலுக்குள் போகும் நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரப்பதல்ல. அது நார்அட்ரினலின் என்னும் வேறொரு கடத்தியைச் சுரக்கும் நரம்பு. அப்படியானால் அங்கே அவ்வளவு அசிட்டைல்கோலின் எப்படி வந்தது? இந்தக் கேள்வி பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது.

2000-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு, எலிகளுக்குப் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினைச் செலுத்திவிட்டு வேகஸ் நரம்பைத் தூண்டியது. ரத்தத்தில் டி.என்.எஃப். குறைந்தது. மனித மேக்ரோஃபேஜ்களின் மேல் நேரடியாக அசிட்டைல்கோலினை விட்டபோதும் சுரப்பு குறைந்தது. அப்படியென்றால் அந்தச் செல்லின் மேல் அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். 2003-இல் அதே குழு அதைக் காட்டியது. பெயர் ஆல்ஃபா-7 நிக்கோட்டினிக் ஏற்பி.

அதைக் கண்டுபிடிக்க உதவிய பொருளைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. நம் ஊர்க் கட்டுவிரியனின் நெருங்கிய உறவான, தைவான், தென்சீனப் பகுதிகளில் வாழும் பட்டைக் கட்டுவிரியனின் நஞ்சு அது. தசையில் இருக்கும் இதே குடும்பத்து ஏற்பியை அந்த நஞ்சு கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். கடிபட்டவருக்கு இமை சரிந்து, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நஞ்சில் ஒளிரும் சாயத்தைக் கோத்து மேக்ரோஃபேஜ்களின் மேல் விட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லின் விளிம்பெங்கும் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தது. நரம்பு, தசை ஆகியவற்றின் சொத்து என்று நினைத்திருந்த ஏற்பி ஒரு நோயெதிர்ப்பு செல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆல்ஃபா-7 மரபணு இல்லாத எலிகளில் வேகஸ் நரம்பை எவ்வளவு தூண்டியும் டி.என்.எஃப். இறங்கவில்லை.

சரி, மண்ணீரல் முடிச்சு? அது 2011-இல் அவிழ்ந்தது. அசிட்டைல்கோலினைத் தயாரிப்பது நரம்பு அல்ல, அங்கேயே இருக்கும் டி செல் என்னும் நோயெதிர்ப்பு செல்லில் ஒரு வகை. இந்த விளக்கத்தின்படி, வேகஸின் செய்தி மண்ணீரல் நரம்பை எட்டியதும் அதன் முனையிலிருந்து நார்அட்ரினலின் வெளிவருகிறது. டி செல்லின் மேலுள்ள பீட்டா-2 ஏற்பி அதைப் பிடிக்கிறது. உடனே டி செல் அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. பக்கத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜின் ஆல்ஃபா-7 ஏற்பி அதைப் பிடித்ததும், டி.என்.எஃப். மரபணுவை முடுக்கிவிடும் என்.எஃப்.-கப்பா-பி என்னும் புரதத்துக்கு உள்ளே தடை விழுகிறது. டி செல் இல்லாமல் பிறந்த எலிகளில் நரம்பைத் தூண்டிப் பலனில்லை. அசிட்டைல்கோலின் தயாரிக்கும் டி செல்களை அவற்றுக்குள் செலுத்தியதும் பலன் திரும்பியது.

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். ஒரே நரம்புக் கடத்தி இதயத்தில் துடிப்பைக் குறைக்கிறது, தசையைச் சுருக்குகிறது, மேக்ரோஃபேஜை அடக்குகிறது. மூன்றுக்கும் பொருள் ஒன்று. வேறுபடுவது ஏற்பியும் அது உட்கார்ந்திருக்கும் செல்லும். நரம்பும் நோயெதிர்ப்பும் இரண்டு துறைகள் என்று நாம் பிரித்து வைத்துப் படித்தது நம் வசதிக்காக. உடலுக்கு அந்தச் சுவர் தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதிதாகக் கருவி செய்யவில்லை. காக்காய் வலிப்புக்காக 1990-களிலேயே அனுமதி பெற்ற வேகஸ் நரம்புத் தூண்டியையே எடுத்துக்கொண்டார்கள். மார்பின் மேல்பகுதியில் தோலுக்கடியில் தீப்பெட்டியை நினைவூட்டும் ஒரு பேட்டரிக் கட்டு. அங்கிருந்து ஒரு கம்பி இடது கழுத்துக்குப் போய் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். பாதுகாப்பு பற்றிய அனுபவம் ஏற்கெனவே இருந்ததால், புதிய நோய்க்குப் பயன்படுத்தும்போது தெரியாத விஷயங்களில் ஒன்று குறைந்தது.

முடக்குவாத நோயாளிகளிடம் போகும் முன் இன்னொரு படி வைத்தார்கள். வலிப்புக்காக அதே கருவியைப் பொருத்திக்கொள்ள வந்த 7 பேரிடம், அறுவை மேசையில் நரம்பைத் தூண்டுவதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். அவர்களுக்கு மூட்டு நோய் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று: மனிதரிலும் இந்தப் பாதை வேலை செய்கிறதா? தூண்டலுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் மூன்று சைட்டோகைன்களின் உற்பத்தியும் குறைந்தது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காததை நான் மதிக்கிறேன்.

அடுத்தது அளவு. வலிப்பு நோயாளிக்குக் கருவி வழக்கமாகச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை, நாள் முழுக்கத் துடிக்கும். இங்கே ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, 60 வினாடி. பார்த்தால் குறைவாகத்தான் தோன்றும். ஆனால் எலிகளில் ஒரு சிறு தூண்டலின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடித்தது தெரிந்திருந்தது. நரம்பு செல்லுக்குச் செய்தியைச் சொன்னால் போதும். அப்புறம் செல்லே அந்த நிலையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். 28-ஆம் நாள் பார்த்து, போதிய முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 4 தடவை வரை கூட்டினார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு 42-ஆம் நாளுக்கானது. அன்று எல்லோருடைய கருவியையும் அணைத்து 14 நாள் அப்படியே விடுவது. 56-ஆம் நாள் மறுபடி இயக்கி 84-ஆம் நாள் வரை பார்ப்பது. போலிச் சிகிச்சை பெறும் ஒப்பீட்டுக் குழு இந்த ஆய்வில் இல்லை. முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய். கருவி வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையாலும் வலி குறையும். அந்த நிலையில் 'இது கருவியால்தான்' என்று சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி இந்த அணைப்புதான். நோய் ஏறக்கூடும் என்று தெரிந்தே அந்த 14 நாளுக்கும் சம்மதித்த நோயாளிகளை நினைக்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. இன்று நமக்குத் தெரியும் பலவும் அவர்கள் பொறுத்துக்கொண்ட வலியில் கிடைத்தது.

கவனித்தவை

இரண்டு இடங்களில் பார்த்தார்கள்: மூட்டில், சோதனைக் குழாயில்.

மூட்டுக்கு வழக்கமான 28 மூட்டுக் கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகள், முழங்கால் என்று ஒவ்வொன்றையும் மருத்துவர் கட்டைவிரலால் அழுத்துவார். தன் நகத்தின் நிறம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும் என்பது கணக்கு. நோயாளி முகம் சுளிக்கிறாரா, மூட்டுச் சவ்வு பஞ்சுபோல் அமுங்குகிறதா என்று குறித்துக்கொள்வார். இதோடு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதத்தின் அளவும், தன் நிலை எப்படி என்று நோயாளியே போடும் மதிப்பெண்ணும் சேர்ந்து ஒரு எண்ணாகும். 5.1-க்கு மேல் போனால் நோய் கடுமை, 2.6-க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது.

குழாய்ச் சோதனை இன்னும் சுவையானது. நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, அதில் எண்டோடாக்சினைக் கலந்து, உடல் சூட்டில் சில மணி நேரம் வைப்பார்கள். கிருமி வந்துவிட்டதாக நினைத்து ரத்தத்திலுள்ள செல்கள் டி.என்.எஃப்.-ஐக் கொட்டும். எவ்வளவு கொட்டியது என்று அளப்பார்கள். குழாய்க்குள் நரம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. கருவி துடித்தது நோயாளியின் கழுத்தில். ஆனாலும் தூண்டல் பெற்றவரின் செல்கள் குழாயில் குறைவாகவே சுரந்தன. உடலுக்குள் இருந்தபோது, பெரும்பாலும் மண்ணீரல் வழியாகப் போனபோது, வாங்கிய செய்தியை அவை குழாய்க்குள்ளும் சுமந்து வந்திருக்கின்றன என்பதே இதற்கு ஏற்ற விளக்கம்.

பின்பு நடந்தது

42-ஆம் நாளுக்குள் ரத்தத்தின் டி.என்.எஃப். உற்பத்தியும் மூட்டு மதிப்பெண்ணும் கணிசமாக இறங்கின. கருவியை அணைத்ததும் இரண்டும் ஏறத் தொடங்கின. மறுபடி இயக்கியதும் இறங்கின. 84-ஆம் நாள் வரை அந்தப் பலன் நின்றது. பல ஊசிகளுக்கும் மசியாத குழுவிலும் முன்னேற்றம் தெரிந்தது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்குப் பெரிய மாற்றம் இல்லை.

பக்க விளைவுகளில் எதிர்பார்த்தவையே முன்னால் நின்றன. வேகஸ் நரம்பின் கிளை ஒன்று குரல்வளைக்குப் போவதால், இந்தக் கருவி வைத்தவர்களுக்குத் தூண்டல் நேரத்தில் குரல் கரகரப்பது வழக்கம்.

அதன் பின் பாதை கொஞ்சம் கரடுமுரடாகத்தான் போனது. 2020-இல் அமெரிக்காவில் இதற்கென்றே செய்த சிறு கருவியை 14 பேருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். கழுத்திலேயே நரம்பின் மேல் உட்கார்ந்துவிடும் கருவி, மார்பில் பெட்டி தேவையில்லை. பலனுக்கான அறிகுறி தெரிந்தது. அப்புறம் 242 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு. எல்லோருக்கும் கருவி பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் இயக்கினார்கள். யாருக்கு என்பது நோயாளிக்கும் மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. 12 வாரத்தில், குறைந்தது 20 சதவீத முன்னேற்றம் கண்டவர்கள் கருவி ஓடிய குழுவில் சுமார் 35 சதவீதம், ஓடாத குழுவில் சுமார் 24 சதவீதம். 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். கருவியை இயக்காமலே நான்கில் ஒருவருக்குத் தேறியது. 2016 ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பதை அந்த 24 சதவீதம் எடுத்துச் சொல்கிறது. அதே நேரம், இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தற்செயல் அல்ல என்றும் புள்ளியியல் சொல்கிறது.

காதில் மாட்டும் கருவியின் கதை வேறு. காது மடலில் வேகஸின் ஒரு கிளை இருப்பதால் அறுவையே இல்லாமல் தூண்டலாம் என்று 113 பேரிடம் பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவில், உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசம் இல்லை. இணையத்தில் காதுக் கருவி விற்பவர்கள் கழுத்துக் கருவியின் ஆய்வைக் காட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது வேறு கருவி, வேறு சோதனை.

திரும்பச் செய்தால் எவற்றை மாற்ற வேண்டும்

முதலில் ஒப்பீட்டுக் குழு. ஆரம்பக் கட்ட ஆய்வில், அறுவை தேவைப்படும் சிகிச்சையில், அதை வைக்காததற்கு நியாயம் இருந்தது. ஆனால் அணைத்து இயக்கும் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. தொண்டையில் துடிப்பை உணரும் நோயாளிக்குக் கருவி நின்றது தெரிந்துவிடும்; வலிக்கப் போகிறது என்ற பயமே வலியைக் கூட்டும். குழாயிலுள்ள செல்லுக்கு அந்தப் பயம் கிடையாது என்பதால்தான் மூட்டு மதிப்பெண்ணைவிடக் குழாய்ச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன்.

இரண்டாவது, பாதை. கழுத்தைத் தூண்டினார்கள், கடைசியில் டி.என்.எஃப்.-ஐ அளந்தார்கள். நடுவிலுள்ள மண்ணீரல், டி செல், ஆல்ஃபா-7 ஆகியவை எலியிடமிருந்து கடன் வாங்கிய விளக்கம். அந்த 17 பேரில் நேரடியாகக் காட்டியவை அல்ல. எலியிலேயே இதை எல்லோரும் ஏற்கவில்லை. வேகஸ் நரம்புக்கும் மண்ணீரல் நரம்புக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை, வயிற்றுக்குப் போகும் ஸ்பிளாங்க்னிக் நரம்புதான் அழற்சியை அடக்குகிறது என்று ஆஸ்திரேலிய உடலியலாளர்கள் சோதனைகளோடு வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட்டுப் பாடம் நடத்துவது சரியல்ல.

மூன்றாவது, யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பது. பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொருவருடைய செல்லின் ஏற்பிகளையும் அளந்து வைத்திருந்தால், பலன் இல்லாதவர்களிடம் என்ன வேறுபாடு என்று தேட ஒரு நூல் கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்பியின் பெயரில் நிக்கோட்டின் வருவதால், பீடியோ சிகரெட்டோ மூட்டுக்கு நல்லதோ என்று கேட்பவர்கள் உண்டு. நிக்கோட்டின் அந்த ஏற்பியில் ஒட்டும் என்பது உண்மை. ஆனால் புகையில் நிக்கோட்டின் மட்டும் இல்லை. புகைப்பவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம், வந்தால் மருந்து பலிப்பதும் குறைவு.

அத்தையிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப மாத்திரையை நிறுத்திட்டாங்களா?" இல்லை, கருவி பொருத்திய பிறகும் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்தார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கித் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.